200ஆம் இடத்தின் வரவு செலவு

டஸ்டின் பிரவுன் என்றதும் டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு இரண்டு நாள்கள் நினைவுக்கு வரும். 2014 ஜூனில் ஹாலே நகரத்துப் புல்தரையில் ரஃபேல் நடாலை 6-4, 6-1 என்று ஒரு மணி நேரத்துக்குள் முடித்த நாள் ஒன்று. 2015 ஜூலை 2ஆம் தேதி, விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் அதே நடாலை 7-5, 3-6, 6-4, 6-4 என்று மறுபடியும் வென்ற நாள் மற்றொன்று. நீண்ட சடைமுடி, சர்வீஸ் போட்ட வேகத்திலேயே வலையை நோக்கிப் பாயும் ஆட்டம், யாரும் எதிர்பாராத இடத்தில் விழும் டிராப் ஷாட். இன்றும் காணொளியைத் தேடிப் பார்க்கிறார்கள்.

அந்த இரண்டாவது நாளில் அவருடைய தரவரிசை 102. வயது 30. நேரடியாக உள்ளே வந்தவரும் இல்லை. தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்கள் வென்று வந்தவர். உலகத்தில் 102ஆவது இடத்தில் இருப்பவர் ஏன் தகுதிச் சுற்று ஆட வேண்டும் என்று கேட்கலாம். 128 பேர் ஆடும் பிரதான சுற்றில் தரவரிசைப்படி நேரடி இடம் 104 பேருக்கு. மீதியில் 16 இடம் தகுதிச் சுற்றுக்கு, 8 இடம் வைல்டு கார்டுக்கு, அதாவது போட்டி நடத்துபவர்கள் தாங்களே விரும்பிக் கொடுக்கும் இடத்துக்கு. அந்த 104 பேர் யார் என்று முடிவாவது போட்டி தொடங்கும் நாளில் அல்ல, ஏறக்குறைய ஆறு வாரம் முன்பு. விம்பிள்டனுக்கான கணக்கு மே மாதத்திலேயே மூடப்பட்டுவிடும். மே மாதத்தில் பத்து இடம் கீழே இருந்திருந்தால் போதும், ஜூனில் எவ்வளவு ஏறினாலும் தகுதிச் சுற்றுக்குத்தான் போக வேண்டும். கீழ்த் தரவரிசை ஆட்டக்காரரின் வாழ்க்கை இப்படிப்பட்ட தேதிகளில்தான் தொங்குகிறது.

இங்கே சிங்கப்பூரில் பிள்ளைகளை டென்னிஸ் வகுப்புக்கு அழைத்துப்போகும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு மனத்தில் ஒரு கேள்வி உண்டு: பையன் நன்றாக ஆடுகிறானே, இதை வைத்துப் பிழைக்க முடியுமா? பதில் தேடும்போது ஜோகோவிச்சையோ அல்கராஸையோ பார்த்துப் பயன் இல்லை. 100க்கும் 400க்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய ஒருவரைப் பார்க்க வேண்டும். அதற்கு ஜெர்மானிய ஆட்டக்காரர்களைவிட நல்ல பாடம் கிடையாது. அங்கே அந்த இடத்தில் நிலைத்து நிற்பவர்கள் அதிகம். அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

பிரவுனின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1984இல் ஜெர்மனியின் செல்லே நகரில் பிறந்தவர். அப்பா ஜமைக்கர், அம்மா ஜெர்மானியர். 1996இல் குடும்பம் ஜமைக்காவுக்குக் குடிபெயர்ந்தது. 2003இல் ஜமைக்காவுக்காக டேவிஸ் கோப்பை ஆடினார். ஆனால் அங்கிருந்து தொழில்முறை ஆட்டக்காரராக மேலே வருவது ஏறத்தாழ முடியாத காரியம். புள்ளி கிடைக்கும் போட்டிகள் பக்கத்தில் இல்லை, ஒவ்வொன்றுக்கும் விமானம் ஏற வேண்டும், கைகொடுக்கப் பணம் இல்லை. 2004இல் ஜெர்மனிக்குத் திரும்பியபோது பெற்றோர் அவருக்கு ஒரு ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் வாங்கிக் கொடுத்தார்கள். படுக்கை உள்ள வேன். அதற்குள் மட்டைக்கு ஸ்டிரிங் கட்டும் இயந்திரம் ஒன்றையும் வைத்துக்கொண்டார். ஐரோப்பா முழுக்க அதை ஓட்டிக்கொண்டு போட்டிக்குப் போட்டி போனார். மற்ற ஆட்டக்காரர்களின் மட்டைக்கு ஸ்டிரிங் கட்டிக் கூலி வாங்கினார். படுக்கையில் இடம் இருந்தால் அதற்கும் வாடகை.

இதைச் சினிமாக் கதை மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் தெரிவது துல்லியமான ஒரு கணக்கு. கீழ்நிலைப் போட்டியில் மூன்று பெரிய செலவுகள்: தங்குமிடம், பயணம், ஸ்டிரிங். ஒரு வேன் முதல் இரண்டையும் ஒன்றாக்கி டீசல் செலவாகச் சுருக்கிவிடுகிறது. இயந்திரம் மூன்றாவதை வரவாக மாற்றுகிறது. வேனுக்கு இன்னொரு நன்மையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. செவ்வாய்க்கிழமை முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டால் விமானச் சீட்டை மாற்றக் கட்டணம் கட்ட வேண்டாம். அன்று மாலையே அடுத்த ஊருக்கு வண்டியை எடுக்கலாம். ஒன்பது நாடுகளோடு எல்லை பகிரும் ஜெர்மனியில் இருந்தால்தான் இது நடக்கும். சாங்கி விமான நிலையத்தைத் தாண்டாமல் எந்தப் போட்டி வட்டத்துக்கும் போக முடியாத நமக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இப்போது எண்களைப் பார்ப்போம். அடிமட்டத்தில் இருப்பது ஐடிஎஃப் என்ற அனைத்துலக டென்னிஸ் சம்மேளனம் நடத்தும் எம்15 போட்டி. மொத்தப் பரிசு 15,000 அமெரிக்க டாலர். ஒற்றையர் பிரிவில் முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர். இரண்டாம் சுற்றில் தோற்றால் 258. காலிறுதியில் 438, அரையிறுதியில் 752, இறுதியில் தோற்றால் 1,272. கோப்பையையே வென்றால் 2,160. இதிலும் அந்தந்த நாட்டு வரி பிடித்தது போகத்தான் கைக்கு வரும். வென்றவருக்கு 15 தரவரிசைப் புள்ளி, இறுதியில் தோற்றவருக்கு 8, காலிறுதி வரை வந்தால் 2.

உலகத்தின் 100ஆவது இடத்துக்கு அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 600 புள்ளி தேவைப்படுகிறது. எம்15 கோப்பைகளைக் கொண்டே அந்த 600ஐச் சேர்க்க வேண்டுமானால் ஓர் ஆண்டுக்குள் 40 கோப்பை வெல்ல வேண்டும். முடியாது. அதனால் இந்தப் போட்டிகள் ஏணியின் முதல் படி. அங்கே எவ்வளவு குறைந்த காலம் நிற்கிறாரோ அவ்வளவு நல்லது. துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அண்டால்யா, எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் போன்ற கடற்கரை விடுதிகளில் வாரா வாரம் எம்15 நடக்கும். ஒரே விடுதியில் தங்கி நான்கைந்து வாரம் தொடர்ந்து ஆடலாம், பயணச் செலவு இல்லை. புதிதாக வருபவர்கள் அங்கே குவிகிறார்கள். அதில் ஒரு பொறியும் உண்டு. ஒரே மாதிரி தரை, ஒரே மாதிரி காற்று, திரும்பத் திரும்ப அதே எதிராளிகள். இரண்டு ஆண்டு அங்கேயே சுற்றிவிட்டு மேல்நிலையான சேலஞ்சர் போட்டிக்கு முதன்முதலாகப் போகும்போது இரண்டாவது சர்வீஸ் அங்கே தாங்காது.

அடுத்த படி சேலஞ்சர். 50, 75, 100, 125, 175 என்று ஐந்து வகை. பெயரில் உள்ள எண்தான் வென்றவருக்குக் கிடைக்கும் புள்ளி. பிரதான சுற்றில் ஆடுபவருக்குத் தங்கும் அறை கிடைக்கும், இது பெரிய விடுதலை. ஆனால் முதல் சுற்றில் தோற்றால் புள்ளி பூஜ்யம். ஒரு மாதம் தொடர்ந்து முதல் சுற்றில் தோற்பது யாருக்கும் நடக்கக்கூடியது. அந்த மாதத்தில் சென்ற ஆண்டு எடுத்த புள்ளிகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயுள் 52 வாரம்தான். சென்ற ஆண்டு இதே வாரம் இறுதிக்கு வந்தவர் இந்த ஆண்டு முதல் சுற்றில் தோற்றால், ஒரே திங்கட்கிழமையில் முப்பது நாற்பது இடம் இறங்கிவிடுவார். ஆட்டம் மோசமானதால் வந்த இறக்கமா, நாள்காட்டி செய்த வேலையா என்று தெரியாமல் பதறிப்போய்ப் பயிற்சியாளரை மாற்றுபவர்கள் உண்டு. சென்ற ஆண்டின் எந்த வாரத்துப் புள்ளி எப்போது விழும் என்று எழுதி வைத்திருப்பவர் பதற மாட்டார்.

இந்த ஏணியில் உண்மையான வாசற்படி 250ஆம் இடம் அருகே இருக்கிறது. விம்பிள்டன் போன்ற நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாமின் தகுதிச் சுற்றில் 128 பேர் ஆடுவார்கள். நேரடி இடம் பெற்றவர்களைக் கழித்துப் பார்த்தால், ஏறக்குறைய 230, 240ஆம் இடம் வரை அதற்குள் நுழைய முடியும். 2025 விம்பிள்டனில் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 15,500 பவுண்டு. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் 35,000 ஆஸ்திரேலிய டாலர். நான்கு கிராண்ட் ஸ்லாமையும் சேர்த்தால் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் 80,000 அமெரிக்க டாலரைத் தாண்டிவிடும். மூன்று ஆட்டம் வென்று பிரதான சுற்றுக்குள் போனால், விம்பிள்டன் முதல் சுற்றில் தோற்றாலும் 66,000 பவுண்டு. 2015இல் இந்தத் தொகை 29,000 பவுண்டாக இருந்தது. பிரவுன் அந்த ஆண்டு மூன்றாம் சுற்றில் விக்டர் டிரொய்ட்ஸ்கியிடம் தோற்று 77,000 பவுண்டோடு வெளியே வந்தார். வேனில் தூங்கிய ஆண்டுகளில் எத்தனை வாரம் ஆடினால் அந்தத் தொகை சேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

2024இல் ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் அமைப்பான ஏடிபி, அடிப்படை வருமான உறுதித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு முதல் 100 பேருக்கு 3 லட்சம் டாலர், 101 முதல் 175 வரை ஒன்றரை லட்சம், 176 முதல் 250 வரை 75,000. பரிசுப் பணம் அதற்குக் கீழே இருந்தால் வித்தியாசத்தை ஏடிபி கொடுக்கும். நல்ல திட்டம், வெகுகாலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. ஆனால் கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதுவும் 250தான்.

அப்படியானால் 500ஆம் இடத்துக்கும் 250ஆம் இடத்துக்கும் நடுவே இருக்கும் மூன்று நான்கு ஆண்டுகளை ஒருவர் எப்படித் தாண்டுகிறார்? பணம் கொட்டும் தண்ணீர்க்குழாய்க்கு முன்னால் உள்ள இந்த வறண்ட தூரத்தில்தான் பெரும்பாலானவர்கள் டென்னிஸை விட்டுப் போகிறார்கள். ஜெர்மானியர்கள் தாண்டுவதற்குக் காரணம் ஏடிபி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை.

ஜெர்மன் டென்னிஸ் சங்கத்தில் 14 லட்சம் உறுப்பினர்களுக்கு மேல் இருக்கிறார்கள். எட்டாயிரத்துக்கும் அதிகமான கிளப்புகள். ஊருக்கு ஒன்று என்றே சொல்லலாம்: செம்மண் நிறக் களிமண் கோர்ட் நான்கைந்து, ஒரு சிறிய உணவுக்கூடம், குளிர்காலத்துக்கு ஓர் உள்ளரங்கம். ஒவ்வொரு கிளப்புக்கும் வயது வாரியாக அணிகள். அந்த அணிகள் அடுக்கடுக்கான லீக்குகளில் ஆடுகின்றன. உச்சியில் புண்டஸ்லிகா. காற்பந்துக்கு மட்டும் உரிய பெயர் என்று நாம் நினைப்பது டென்னிஸிலும் உண்டு.

ஆண்கள் முதல் புண்டஸ்லிகா ஜூலை, ஆகஸ்டில் நடக்கும். பத்து அணிகள், ஆளுக்கு ஒன்பது ஆட்ட நாள், வெள்ளியும் ஞாயிறும். ஓர் ஆட்ட நாளில் நான்கு ஒற்றையர், இரண்டு இரட்டையர். 3-3 என்று சமனில் முடியவும் வாய்ப்பு உண்டு. மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி மேட்ச் டைபிரேக். கீழ் லீக்குகளில் வழக்கம் ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர். ஹாலே, மன்ஹைம், ஆஹென், டுசல்டார்ஃப், கொலோன் நகரத்துக் கிளப்புகள் இதில் பெயர் பெற்றவை. ஸ்பான்சர்களும் உறுப்பினர்களும் தரும் பணத்தில் கிளப் ஆட்டக்காரருக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்றோ பருவத்துக்கு இவ்வளவு என்றோ கட்டணம் கொடுக்கும். தொகை வெளியே வராது, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் தோற்றாலும் கொடுக்கும். டென்னிஸ் உலகத்தில் தோற்றாலும் ஒப்புக்கொண்ட கூலி கிடைக்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது?

பணத்தைத் தாண்டியும் கிளப் தருவது நிறைய. குளிர்காலத்தில் உள்ளரங்கக் கோர்ட். பயிற்சிக்கு எதிரே நின்று அடிக்க நல்ல ஆள். ஊரில் தங்க அறை. போட்டி இல்லாத வாரங்களில் இளையர்களுக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்கும் வாய்ப்பு. முழங்கால் வலிக்கிறது என்றால் உறுப்பினர்களில் ஒருவர் மருத்துவராக இருப்பார். உலகத்தில் 350ஆம் இடத்தில் இருப்பவர் மொனாஸ்டிர் விடுதியில் யாருக்கும் தெரியாத மனிதர்; தன் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை ஆடும்போது சில நூறு பேர் அவர் பெயர் சொல்லிக் கைதட்டுகிறார்கள். மனத்தளவில் இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

சிக்கல்களும் உண்டு. அணிப் பட்டியலைப் பருவத்துக்கு முன்பே தரவரிசைப்படி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முதல் லீக்கில் அந்த அணிகள் ஸ்பெயின், அர்ஜென்டினா, இத்தாலி என்று வெளிநாட்டு ஆட்டக்காரர்களையும் சேர்க்கின்றன. அன்றைக்கு யார் ஊரில் இருப்பார்கள் என்று தெரியாததால் தேவைக்கு அதிகமாகவே பெயர் எழுதுவார்கள். 200ஆம் இடத்து ஜெர்மானியர் ஒருவாரம் மூன்றாவது ஒற்றையர் ஆடுவார், அடுத்த வாரம் மேலே இருவர் வந்துவிட்டால் உட்கார வேண்டியதுதான். நாள்காட்டி மோதலும் கடுமையானது. ஜூலை, ஆகஸ்டில் லீக் களிமண்ணில் ஓடும். அதே நேரம் உலக டென்னிஸ் அமெரிக்கக் கடினத் தரைக்கு நகர்ந்துவிடும், ஆகஸ்ட் இறுதியில் யுஎஸ் ஓப்பன் தகுதிச் சுற்று. லீக்கில் ஞாயிற்றுக்கிழமை வரை களிமண்ணில் சறுக்கி ஆடிவிட்டு ஒரு வாரத்தில் நியூயார்க்கின் கடினத் தரையில் நிற்க வேண்டும். இடுப்பும் கணுக்காலும் அந்த மாற்றத்தில்தான் அடிபடும். கிளப் பணமா, ஹார்டு கோர்ட் தயாரிப்பா என்ற முடிவை ஒவ்வோர் ஆண்டும் எடுக்க வேண்டும். 250க்கு வெளியே இருப்பவர் யோசிக்காமல் கிளப்பை எடுக்கலாம் என்பது என் கருத்து. உள்ளே வந்துவிட்டவர் நான்கு ஆட்ட நாளுக்கு மட்டும் ஒப்புக்கொண்டு மீதியை விட்டுவிடுவது நல்லது.

லீக்கைத் தவிர சொந்த மண்ணின் இன்னொரு கொடை வைல்டு கார்டு. ம்யூனிக், ஸ்டுட்கார்ட், ஹாலே, ஹம்பர்க் என்று ஏடிபி போட்டிகள். ஹைல்பிரான், பிரவுன்ஷ்வைக், கோப்ளென்ஸ் என்று சேலஞ்சர்கள். தரவரிசை பத்தாத உள்ளூர் ஆளுக்கு அங்கே ஓர் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. எக்கென்டல், இஸ்மானிங் சேலஞ்சர்கள் பல ஆண்டுகள் உள்ளரங்கக் கார்பெட் தரையில் நடந்தன. ஏடிபி முதல்நிலைப் போட்டிகள் 2009லேயே கார்பெட்டைக் கைவிட்டுவிட்டாலும், ஜெர்மன் கிளப்புகளின் குளிர்கால அரங்கில் அது இன்னும் கிடக்கிறது. பந்து தாழ்ந்து வழுக்கிக்கொண்டு போகும். அதில் வளர்ந்தவர்களுக்குச் சர்வீஸும், பந்து தரையில் படுமுன் அடிக்கும் முதல் வாலியும் கைவந்த கலையாகிவிடும்.

இப்படிப்பட்டவர்கள் ஓர் உச்ச ஆட்டக்காரரை வீழ்த்துவது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. 2013இல் கிஸ்டாட் போட்டியில் டானியல் பிராண்ட்ஸ் ரோஜர் ஃபெடரரை 6-3, 6-4 என்று வென்றார். 2015 ஜனவரியில் தோஹாவில் 127ஆம் இடத்தில் இருந்த மிஷாயேல் பெரர், தகுதிச் சுற்றில் இருந்து வந்து நடாலை 1-6, 6-3, 6-4 என்று வென்றார். அப்போது பெரருக்கு 34 வயது. அந்த ஆண்டோடு ஓய்வு என்று முடிவுசெய்திருந்தவர். 50ஆம் இடத்துக்கும் 150ஆம் இடத்துக்கும் பந்தை அடிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆண்டுக்கு 25 வாரம் அதையே செய்வதில்தான் வித்தியாசம்.

ஆஸ்கர் ஒட்டேயின் 2021ஆம் ஆண்டு இதற்குச் சரியான சாட்சி. கொலோன்காரர், அப்போது 27, 28 வயது. பாரிஸின் பிரெஞ்சு ஓப்பனில் தகுதிச் சுற்றில் இருந்து வந்து முதல் சுற்றில் அலெக்சாண்டர் ஸ்வெரெவுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் வென்றார். ஐந்தாவது செட்டில் தோற்றார். விம்பிள்டனிலும் தகுதிச் சுற்று. முதல் ஆட்டத்தின் கடைசி செட்டை 13-12 என்று வென்றார், அடுத்ததில் ஆண்டி மரேயிடம் ஐந்து செட் ஆடித் தோற்றார். நியூயார்க்கிலும் தகுதிச் சுற்று. இந்த முறை நான்காம் சுற்று வரை போய் மத்தேயோ பெரெட்டினியிடம் தோற்றார். மறு ஆண்டு ஜூனில் தரவரிசை 36. அதன் பிறகு முழங்கால். அந்த ஓராண்டு வரவு எத்தனை மெலிந்த ஆண்டுகளைத் தாங்க வேண்டியிருக்கும் என்று அப்போதே திட்டமிடாதவர் தடுமாறுவார்.

காயம் பற்றி ஒரு விதி எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஆடாமல் இருந்தால் பாதுகாக்கப்பட்ட தரவரிசை கேட்கலாம். காயத்துக்குப் பிறகான முதல் மூன்று மாதத்தின் சராசரி இடம் அதற்கு அளவு. திரும்பி வந்ததும் ஒன்பது போட்டி அல்லது ஒன்பது மாதம், ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் பன்னிரண்டு போட்டி அல்லது பன்னிரண்டு மாதம், அந்த இடத்தைக் காட்டி உள்ளே நுழையலாம். 2012 டேவிஸ் கோப்பையில் லேடன் ஹியூவிட்டை வென்ற செட்ரிக்-மார்செல் ஸ்டேபே போன்றவர்கள் பல ஆண்டு காயத்துக்குப் பிறகு திரும்பி வந்த பாதை இது. இதில் பலர் செய்யும் தவறு ஒன்றுதான்: ஐந்தாவது மாதத்தில் 'சோதித்துப் பார்க்கிறேன்' என்று ஒரு சிறு போட்டியில் இறங்குவது. ஆறு மாதக் கணக்கு அங்கேயே முறிந்துவிடும்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். நம்மிடம் நல்ல கோர்ட் உண்டு, பயிற்சியாளர் உண்டு, பிள்ளைகளைக் கூட்டிப்போகும் அக்கறை நிறையவே உண்டு. இல்லாதது அந்த நடுப்பாலம். கூலி கொடுத்து ஆள் வைக்கும் கிளப் லீக் கிடையாது. 2021 பிப்ரவரியில் ஓசிபிசி அரங்கில் ஏடிபி 250 போட்டி (இந்த 250, வென்றவருக்குக் கிடைக்கும் புள்ளி) நடந்தது, அலெக்சி பாப்பிரின் வென்றார். அது ஓராண்டு உரிமம் மட்டும். 2025இல் காலாங்கில் பெண்களுக்கான டபிள்யூடிஏ 250 நடந்தது. ஆண் பிள்ளைக்கு ஆண்டுதோறும் வைல்டு கார்டு எதிர்பார்க்கும் அளவுக்கு வீட்டுப் போட்டிகள் இல்லை. பையன்களுக்குத் தேசிய சேவை இரண்டு ஆண்டு, அதுவும் 18, 19 வயதில். ஜெர்மனியில் கட்டாய ராணுவ சேவை 2011இல் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த வயதில் அங்கே ஒருவர் எம்15இல் முதல் புள்ளி தேடிக்கொண்டிருப்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்கில் இரண்டு ஆண்டைத் தள்ளிப் போட வேண்டும், அவ்வளவுதான். சேவை முடிந்து அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகையில் நான்கு ஆண்டு ஆடிவிட்டு 24 வயதில் தொடங்குவதே நம் பிள்ளைகளுக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். பிரவுன் தன் மிக உயர்ந்த 64ஆம் இடத்தைத் தொட்டது 2016 அக்டோபரில், 31 வயதில். 24 ஒன்றும் தாமதமில்லை.

தரையும் ஒரு பிரச்சினை. இங்கே கோர்ட்டெல்லாம் கடினத் தரை. ஐரோப்பாவில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கீழ்நிலைப் போட்டிகளில் பெரும்பாலானவை களிமண். சறுக்கி நிற்கத் தெரியாத பிள்ளை அங்கே இரண்டு எட்டு அதிகம் ஓடி இரண்டாவது செட்டில் களைத்துவிடும். 14, 15 வயதில் பள்ளி விடுமுறை ஒன்றை முழுக்கக் களிமண்ணில் கழிக்க வைப்பது, இங்கே கூடுதலாக நூறு மணி நேரம் தனி வகுப்பு எடுப்பதைவிட மேல்.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். தாய்லாந்தில் தொடர்ந்து மூன்று எம்15. விமானம் 250 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), உள்ளூர்ப் போக்குவரத்து 100. 20 இரவு அறை, இரவுக்கு 60 என்று 1,200. சாப்பாடு நாளுக்கு 30 என்று 600. ஸ்டிரிங்: 200 மீட்டர் சுருள் ஒன்று சுமார் 180 வெள்ளி, ஒரு மட்டைக்கு ஏறத்தாழ 12 மீட்டர் போகும், ஆக 16 மட்டை கட்டலாம். மூன்று வாரத்துக்கு 15 முறை கட்டுவதாக வைத்தால், கூலி தடவைக்கு 15 வெள்ளி, மொத்தம் 225. எல்லாம் சேர்ந்து 2,555 வெள்ளி. மூன்று வாரமும் ஓர் ஆட்டம் வென்று இரண்டாவதில் தோற்றால் 258 மூன்று தடவை, 774 அமெரிக்க டாலர், வரிக்கு முன் சுமார் 1,000 வெள்ளி. கைநட்டம் 1,550 வெள்ளி. இதில் பயிற்சியாளர் இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை, மருந்து இல்லை. பயிற்சியாளர் கூட வந்தால் அவருடைய அறையும் விமானமும் சாப்பாடும் சம்பளமும் நம் தலையில்.

ஸ்டிரிங்கில் மிச்சம் பிடிக்க இயந்திரம் வாங்கலாம், பிரவுன் செய்தது சரிதான். ஆனால் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். பாலியெஸ்டர் ஸ்டிரிங் கட்டிய உடனேயே இழுவிசை இறங்கத் தொடங்கும். அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்று நினைத்து இரண்டு வாரம் அதையே வைத்து ஆடும் பிள்ளைகளுக்கு முழங்கை வலி வரும், பந்தும் கோட்டைத் தாண்டும். மழை பெய்து களிமண் ஈரமானால் பந்து கனக்கும். ஒரு கிலோ குறைத்துக் கட்டுவார்கள். பயிற்சியாளர் இல்லாமல் போகும் பிள்ளைக்கு இதெல்லாம் தானே தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முறை. ஐடிஎஃப் தரும் ஆட்டக்காரர் பதிவு எண்ணான ஐபின் எடுத்த பிறகு இணையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். எம்15, அதற்கு ஒரு நிலை மேலான எம்25 போட்டிகளுக்குக் கெடு, போட்டி வாரத்துத் திங்கட்கிழமைக்கு 18 நாள் முன்பு வரும் வியாழக்கிழமை. ஒரே வாரத்தில் பல ஊர்களுக்கு முன்னுரிமை வரிசை போட்டுக் கொடுக்கலாம். வரிசையில் எது முதலில் என்று யோசித்துப் போடுங்கள். விலகுவதற்கான கெடு 13 நாள் முன்பு வரும் செவ்வாய்க்கிழமை. அதற்குப் பிறகு விலகினால் அபராதம் வரும். அன்று இரவுக்குள் பலர் விலகுவார்கள், காத்திருப்போர் பட்டியல் சரசரவென்று மேலே நகரும். விமானச் சீட்டை வியாழக்கிழமையே வாங்காமல், அந்தப் புதன்கிழமை காலை பட்டியலில் பிள்ளையின் பெயர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.